தகட்டின் தடம்

கலை உலகுக்கும், பொதுமக்களுக்கும், இனிப் பிறக்கப்போகும் சந்ததிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: பல நூற்றாண்டுகளுக்கு முன் செப்புத் தகட்டில் கீறி, மசி பூசி, தாளில் ஒற்றி எடுக்கப்பட்ட டச்சுப் படங்களின் ஒப்பற்ற சேகரம் ஒன்று, வரும் புதன்கிழமை முற்பகலில், இத்துறையின் தலைசிறந்த நிபுணரால் பரிசோதிக்கப்பட்டு, வரலாற்றில் தனக்குரிய ஆசனத்தில் அமர்த்தப்படும். ஆசனம் போடப்படும் இடம்: சலவைக்கடையின் பின்னறை, ஈரக் கோட்டுகள் சொட்டிக்கொண்டிருக்கும் கொடிக்குக் கீழே.

கடைசி வரி மட்டும் நம்முடைய சேர்க்கை. மற்றதெல்லாம் சலவைக்கடை முதலாளியே, சட்டைக்குள் வைத்து மடிக்கிற அட்டையின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டது. அதைப் படித்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கோட்டுக்கு எவ்வளவு தள்ளுபடி என்று கேட்டார்கள். மீதிப் பேர் புதன்கிழமை கடை லீவா என்று கேட்டார்கள். படித்துவிட்டு நடுங்கிய ஒரே ஆத்மா முதலாளியின் மனைவிதான். அவள் நடுங்கியதற்குக் காரணம் இருந்தது.

முதலாளிக்குத் தெருவில் டச்சுக்காரர் என்று பெயர். அந்த தேசத்தை அவர் மிக நெருங்கியது ஒரு பாலாடைக்கட்டியின் மேலுறையில்தான். ஆனால் பழைய காகிதக் கடைகளிலும், செத்துப்போனவர்கள் வீட்டு ஏலங்களிலும் வருஷக்கணக்காகத் துழாவித் துழாவி முப்பது சொச்சம் படங்களைச் சேர்த்துவிட்டார். கப்பல்கள், காற்றாலைகள், உறைந்த ஆற்றில் சறுக்கி விழும் கனவான்கள், குடித்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கும் குடியானவர்கள், திரும்பிய பக்கமெல்லாம் மாடுகள். டச்சுச் செதுக்கோவிய அன்பர் கழகம் என்று ஒன்றையும் நிறுவினார். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் அவரே. துணைத்தலைவராக இருந்த பல் டாக்டர், அடுத்த கூட்டத்துக்கும் வரவேண்டியிருக்குமே என்ற பயத்திலோ என்னவோ, இறந்துபோனார்.

மனைவிக்கு மடிப்பம்மா என்று பெயர். அவள் தேய்த்த பேண்ட்டின் மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம் என்பார்கள். கடையின் வயிற்றுப்பாடு அந்தக் கையில்தான் ஓடியது. ஒரே ஒரு குறை: வீட்டில் சண்டை என்றால் மடிப்பு இரட்டையாக விழுந்துவிடும். அவள் கண்ணுக்கே தெரியாமல், கோபம் இஸ்திரிப் பெட்டியின் வழியாக இறங்கி, முதல் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு போட்டுவிடும். வாடிக்கையாளர்கள் பேண்ட்டை விரித்துப் பார்த்து, "என்னம்மா, நேத்து ராத்திரி வீட்ல இடி மின்னலா?" என்று கேட்பது வழக்கம்.

அந்த இடி மின்னலில் பெரும்பங்கு டச்சு தேசத்திலிருந்து வந்தது. பின்னறையில் ஈரம் ஏறாத ஒரே அலமாரி உண்டு. அதில் அவள் பட்டும் கம்பளியும் வைத்திருந்தாள். அதைக் காலி செய்யச் சொல்லி மாடுகளையும் கப்பல்களையும் குடியேற்றினார் டச்சுக்காரர். பட்டு, பாய்லருக்குப் பக்கத்தில் தொங்கப் போயிற்று. அன்றைக்கு மடிப்பம்மா, கடை நிறைய ஆள் இருக்கும்போது, தபால்காரர் கையெழுத்துக்குக் காத்து நிற்கும்போது, நாத்தனார் வாசலில் நிற்கும்போது, தொண்டை கிழியச் சொன்னாள்:

"ஒரு நாள் இல்லேன்னா ஒரு நாள், உங்க மாட்டையும் கப்பலையும் பெட்டிக்கு அடியில வச்சு ஒரே இழுப்பா இழுத்துடுறேன், இருங்க!"

நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் நுணலுக்குக்கூட இவ்வளவு சாட்சிகள் இருந்திருக்காது.

அவள் திட்டாத டச்சுப் படம் ஒன்றே ஒன்றுதான். அவர் முதன்முதலில் வாங்கியது. ஒரு பெரிய புல்வெளி. அதில் பெண்கள் வெள்ளைத் துணிகளை நீளநீளமாக விரித்து வெயிலில் வெளுக்கப் போட்டிருப்பார்கள். தூரத்தில் ஒரு கோபுரம். "நம்ம தொழில், பாரு" என்று கொண்டுவந்து காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "திடீர்னு மழை வந்தா இத்தனையையும் யாருங்க ஓடிப்போய் எடுப்பாங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்றது. அதைச் சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, அவளுடைய தேய்ப்பு மேசைக்கு மேலேயே மாட்டிவிட்டார். இன்றைக்கும் தொங்குகிறது. கண்ணாடியில் ஆவி படியும்போதெல்லாம் அவள் முந்தானையால் துடைத்துவிடுவாள்.

இந்த வருஷம் மழை விடவில்லை. துணி காயவில்லை. சுவர் வியர்த்தது. உப்பு தண்ணீராகிப் போயிற்று. ஒரு காலையில் டச்சுக்காரர் அலமாரியைத் திறந்து படங்களை எடுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே முக்காலியில் உட்கார்ந்தார்.

"அலை அலையா ஆயிடுச்சு" என்றார். "எல்லாத் தாளும். எண்ணெயில போட்ட அப்பளமாட்டம்."

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்கு என்னவோ செய்தது. போர்வையைத் தொலைத்த வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அருங்காட்சியகத்துக்காரர்கள் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள். நிபுணர் பார்த்து, படங்கள் அசல்தான் என்று சொல்லிவிட்டால், ஒரு சுவர் ஒதுக்குவார்களாம். சுவரில் படங்கள், படங்களுக்குக் கீழே பித்தளைப் பலகை, பலகையில் அவர் பெயர். நாற்பது வருஷம் மற்றவர்கள் அழுக்கைத் துவைத்த மனிதனுக்கு ஒரு சுத்தமான சுவர். நிபுணரிடம் கையோடு தேதி வாங்கி வருவதற்காக அவர் அன்று மதிய ரயிலைப் பிடித்தார். போகும்போது, "மரப்பெட்டியில வச்சு மூடிட்டேன். ஈரக்காத்து படக்கூடாது. இனி அவர் முன்னாலதான் திறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மடிப்பம்மா மரப்பெட்டியைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் ஒரு துணிகூடச் சுருக்கத்தோடு அந்தக் கடை வாசலைத் தாண்டியதில்லை.

அவள் அவசரப்படவில்லை. இஸ்திரிப் பெட்டியின் சூட்டைப் புறங்கையில் பார்த்துத் தணித்தாள். பழைய மெல்லிய துணியை நனைத்து, இறுக்கப் பிழிந்து, உதறினாள். படத்தைக் குப்புறப் போட்டாள். மேலே ஈரத்துணி. பெட்டியை நடுவில் வைத்து, அங்கிருந்து ஓரத்தை நோக்கி மெல்ல மெல்ல நகர்த்தினாள். பிறந்த குழந்தையின் சட்டையை மட்டும்தான் அவள் அப்படித் தேய்ப்பது. கோட்டையும் பேண்ட்டையும் ஓரத்திலிருந்து உள்ளே இழுப்பாள். குழந்தைத் துணிக்கு நடுவிலிருந்து வெளியே. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அலைகள் அடங்கின. ஆனால் ஒவ்வொரு படத்தையும் சுற்றி நாலு பக்கமும் ஒரு பள்ளம் கோடாக ஓடியது. யாரோ தட்டை வைத்து அமுக்கின மாதிரி. முதல் இழுப்பில் போகவில்லை. இரண்டாவதிலும் போகவில்லை. 'அட, பிடிவாதத்தைப் பாரேன்' என்று இன்னும் கொஞ்சம் ஈரம் காட்டி, இன்னும் கொஞ்சம் பொறுமை காட்டி, மூன்றாவது இழுப்பில் அதையும் போக்கினாள். கடைசிப் படம் முடிந்தபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது. எல்லாவற்றையும் ஆறவைத்து, அடுக்கி, மரப்பெட்டியில் வைத்து மூடினாள். அவர் திறக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கூடக் கொண்டாள்.

அவர் மறுநாள் மாலை நனைந்துகொண்டு வந்தார். புதன்கிழமை தேதி கிடைத்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தார்கள். சூப்பு, ரொட்டி, அவித்த முட்டை. நாத்தனார் அடுப்புக்குப் பக்கத்தில் தன் வழக்கமான இடத்தில். டச்சுக்காரருக்குச் சூப்பைவிடச் சொற்பொழிவுதான் சூடாக இருந்தது.

"அவர் வந்ததும் முதல்ல எதைப் பார்ப்பார்? சொல்லு பார்ப்போம்."

"படத்தை."

"படத்தை எவன் பார்ப்பான்! படத்தை நீயும் நானும் பார்ப்போம். அவர் ஓரத்தைப் பார்ப்பார்."

"ஓரத்துல என்னங்க இருக்கு?"

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" சொல்லியிருந்தார்தான். அவர் பேச்சு அவள் காதில் பாய்லர் இரைச்சலோடு கலந்து போய்விடும். அவர் ஒரு ரொட்டித் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். உப்பு டப்பாவின் மூடியைக் கழற்றி அதன்மேல் வைத்து அமுக்கினார். "இந்த மூடிதான் செப்புத் தகடு. ரொட்டிதான் நனைச்ச தாள். ரெண்டையும் உருளைக்கு நடுவுல விட்டு நசுக்கினா என்ன ஆகும்? பாரு." மூடியை எடுத்தார். ரொட்டியில் ஒரு பள்ளம். "இதுதான் தகட்டோட தடம். படத்தைச் சுத்தி நாலு பக்கமும் இருக்கும். அது இருந்தா தகட்டுல ஒத்தினது, அசல். இல்லேன்னா எவனோ போட்டோ பிடிச்சு அச்சடிச்ச நகல். கட்டைவிரலை ஓரமா ஓட்டுவார். தட்டுப்பட்டா உட்காருவார். தட்டுப்படலேன்னா எழுந்து கோட்டை மாட்டிடுவார்."

மடிப்பம்மாவின் வாயில் இருந்த ரொட்டி வாயிலேயே நின்றது.

"அது… தானா போயிடுமாங்க?"

"முந்நூறு வருஷமா போகாதது தானா எங்க போகும்?"

"யாராவது… தெரியாம…"

"அதைப் போக்கணும்னா ஈரம் வேணும், சூடு வேணும், அதுமேல ஒரு பாரமும் வேணும்" என்று சிரித்தார் டச்சுக்காரர். "எந்த மடையன் வேலை மெனக்கெட்டு அதைச் செய்வான்?"

 அவள் ரொட்டியிலிருந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதை எடுத்துச் சூப்பில் தோய்த்துத் தின்றுவிட்டார்.

விடிந்ததும் அறிவிப்பு அட்டை தொங்கியது. மடிப்பம்மாவும் நாத்தனாரும் பின்னறையில் போர்வை மடித்தார்கள். பெரிய போர்வையை இரண்டு பேர் மடிப்பது ஒரு நடனம். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து விலகிப் போவார்கள், உதறுவார்கள், நெருங்கி வந்து முனையைக் கொடுப்பார்கள், மறுபடியும் விலகுவார்கள். நெருங்கும்போதெல்லாம் நாத்தனார் ஒரு வாக்கியம் பேசினாள்.

"நான் பார்த்தேன்" என்றாள் முதல் நெருக்கத்தில்.

விலகினார்கள். உதறினார்கள்.

"எதை அண்ணி?"

"நீ தேய்ச்சதை. ஒவ்வொண்ணா. எவ்வளவு பொறுமை!"

விலகினார்கள். மடிப்பம்மாவின் கையிலிருந்த முனை நழுவியது.

"பிடிடி ஒழுங்கா. நல்லாத்தான் செஞ்ச போ. சொன்னதைச் செஞ்சு காட்டிட்ட. நானா இருந்தா அடுப்புல போட்டிருப்பேன். உனக்கு மூளை இருக்கு. யாருக்கும் தெரியாது, சத்தமும் வராது."

"ஐயோ அண்ணி, நான் வேணும்னு செய்யலை! சுருக்கம் போகட்டும்னு செஞ்சேன்."

நாத்தனார் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கண்ணைச் சிமிட்டினாள். "அப்படித்தான் சொல்லணும். யார் கேட்டாலும் அப்படியே சொல்லு."

மடிப்பம்மாவுக்கு அப்போதுதான் முழுப் பயமும் வந்தது. படம் கெட்டது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் இது. அன்றைக்குக் கடை நிறைய ஆள் கேட்க அவள் கத்தியதை இந்த வீட்டில் ஒருத்தரும் மறக்கவில்லை. கூடவே இருந்து பார்த்த நாத்தனாரே நம்பவில்லை என்றால், அவர் எப்படி நம்புவார்? இத்தனை வருஷத்தில் அந்தக் காகிதங்களுக்கு அவள் செய்த ஒரே நல்ல காரியம், பழிவாங்கலாக ஊர் வாயில் நிற்கப் போகிறது. அவர் அடிக்கமாட்டார், திட்டமாட்டார். முக்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்ப்பார். யாரோ ஒரு வேற்று மனுஷியைப் பார்க்கிற மாதிரி. 

சொல்லிவிடலாம் என்று பார்த்தாள். அவர் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டே, "என்னங்க, அந்தப் படம்…" என்று ஆரம்பித்தாள். "எந்தப் படம்? சறுக்குறவங்களா? அதுல இடது மூலையில நாய் ஒண்ணு இருக்கே, கவனிச்சியா?" என்று அவர் நாயைப் பற்றி அரைமணி பேசினார். இன்னொரு தடவை, "நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "நீ என்ன சொல்லப்போறேன்னு தெரியும். பித்தளைப் பலகையில உன் பேரும் வரணும், அதானே? கேட்டுப் பாக்குறேன்" என்றார்.  தடம் திரும்ப விழுமா என்று, ஆள் இல்லாத நேரத்தில் உப்பு டப்பாவின் மூடியைச் செய்தித்தாளில் வைத்து, மேலே இரும்புப் பெட்டியை வைத்து, அதன்மேல் தானே ஏறி நின்று பார்த்தாள். தாளில் வட்டமாக ஒரு உப்புக்கறை விழுந்தது.

அந்த வாரம் ஊரில் எல்லாருடைய பேண்ட்டிலும் மடிப்பு கோணலாக விழுந்தது. இரட்டையில்லை, கோணல். வாடிக்கையாளர்கள் குழம்பினார்கள். இந்த வானிலையை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

புதன்கிழமை வந்தது, மழையோடு.

நிபுணராக வந்த மதிப்பீட்டாளர் குள்ளமானவர். அவருடைய கோட்டு மட்டும் உயரமானது, நனைந்து தரையைத் தொட்டது. வெல்வெட் உறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அவர் பேசுகிற தமிழ் நேராக அச்சுக்குப் போகலாம்.

"எனக்கு இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று, நிலையான வெளிச்சம். இரண்டு, பூரண மௌனம். நான் அவசரப்படுவதில்லை. தாள் தானாகப் பேசும்வரை காத்திருப்பேன்."

தாள் பேசுவதற்குள் பாய்லர் விசில் அடித்தது. மதிப்பீட்டாளர் மூன்று தடவை தும்மினார்.

"கோட்டைக் குடுங்க சார், காயவச்சுத் தேய்ச்சுத் தரேன்" என்றாள் மடிப்பம்மா. கையில் ஏதாவது வேலை வேண்டியிருந்தது. கோட்டை வாங்கித் தன் மேசைக்குப் போனாள். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

டச்சுக்காரர் மரப்பெட்டியைத் திறந்தார். குழந்தையைத் தூக்குகிற மாதிரி மேலே இருந்த படத்தை இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்தார். வைத்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"அட, அலையெல்லாம் தானா அடங்கிடுச்சே!"

மடிப்பம்மா ஈரக் கோட்டின்மேல் பெட்டியை அழுத்தினாள். ஆவி முகத்தை மறைத்தது.

மதிப்பீட்டாளரின் கட்டைவிரல் தாளின் ஓரத்துக்கு வந்தது. மேலிருந்து கீழே போயிற்று. நின்றது. திரும்ப மேலே வந்தது. அந்த விரல் தன் முதுகுத்தண்டில் ஓடுகிற மாதிரி அவளுக்கு இருந்தது. அவர் படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். கட்டைவிரல். சாய்ப்பு. கீழே. அடுத்தது. கப்பல் போயிற்று, காற்றாலை போயிற்று, மாடுகள் வரிசையாகப் போயின. டச்சுக்காரர் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டு, பிறகு ஆரம்பிப்பதையே விட்டார்.

"ஐயா" என்றார் மதிப்பீட்டாளர், கண்ணாடியை உறையில் போட்டுக்கொண்டே. "தங்களை வருத்துவது என் நோக்கமன்று. இவை புகைப்பட முறையில் அச்சிட்ட நகல்கள்."

"சார்?"

"தகட்டின் தடம் ஒன்றிலும் இல்லை. செதுக்கோவியத்தில் மசி சற்றே மேடாக நிற்கும். இங்கே தாளோடு தாளாகப் படுத்துக்கிடக்கிறது."

"தாள் பழசு சார்! வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, நீர்க்குறி தெரியும்!"

"பழைய தாளில் புதிய படம் அடிப்பது பழைய தந்திரம். தங்களை யாரோ பல ஆண்டுகளாக ஏமாற்றியிருக்கிறார்கள்."

 டச்சுக்காரரின் கை காலர் பொத்தானைத் தேடிப் போயிற்று. பொத்தான் ஏற்கெனவே கழன்றுதான் இருந்தது. மறுபடியும் தேடியது. அந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

மடிப்பம்மாவின் பெட்டி கோட்டின் கைமேல் நின்றது. ஒரு வழி திறந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. வாசற்கதவு மாதிரி, நல்ல அகலமாக. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். குற்றம் முகம் தெரியாத காகித வியாபாரிகள் தலையில் விழும். அவளை யாரும் கேட்கப்போவதில்லை. அடுப்புப் பக்கத்திலிருந்து நாத்தனாரும் அதையே கண்ணால் சொன்னாள்: பேசாம இரு.

ஆனால் முக்காலியில் உட்கார்ந்திருந்த மனிதன் கண் முன்னாலேயே சின்னதாகிக்கொண்டிருந்தார். பார்க்கத் தெரியாதவன், ஏமாந்தவன், நகலுக்குக் கழகம் நடத்தியவன். இந்த மனுஷனுக்கா அசல் தெரியாது! அவளுக்கு அந்தக் கட்டைவிரல்காரர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியைக் கோட்டின் கையில் இழுத்து நிறுத்தினாள்.

"நான்தாங்க தேய்ச்சேன்."

யாரும் திரும்பவில்லை. பாய்லர் இரைந்தது.

"நான்தான் தேய்ச்சேன்னு சொல்றேன்ல!" என்று கத்தினாள். "எல்லாத்துலயும் தடம் இருந்துச்சு. நாலு பக்கமும் இருந்துச்சு. ஈரத்துணி போட்டு நான்தான் எடுத்துட்டேன்."

மதிப்பீட்டாளர் அவளை முதன்முறையாகப் பார்த்தார். டச்சுக்காரரும் நிமிர்ந்தார். அவள் பயந்த பார்வை வரவில்லை. வேறொன்று வந்தது, அது அதைவிட மோசம். அவர் இரக்கமாகச் சிரித்தார்.

"விடும்மா" என்றார். "எனக்காகப் பொய் சொல்லாதே. சார், இவ நல்லவ. நான் நொந்துபோயிடுவேன்னு சொல்றா."

"பொய்யில்லைங்க!"

"அவ பொய் சொல்லலைடா தம்பி" என்று அடுப்புப் பக்கத்திலிருந்து நாத்தனார் எழுந்து வந்தாள். உதவி செய்வதாகத்தான் நினைத்தாள், பாவம். "என் கண்ணால பார்த்தேன். அன்னைக்கே சொன்னாளே, பெட்டிக்கு அடியில வச்சு இழுத்துடுறேன்னு. தபால்காரரைக் கேட்டுப் பாரு."

இப்போது சிரிப்பு போய்விட்டது. மடிப்பம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொற்களால் தடம் உண்டாவதில்லை" என்றார் மதிப்பீட்டாளர். "தேய்க்கப்படாத பிரதி ஏதேனும் உண்டா?"

அவள் கண்ணைத் திறக்காமலே கையை மேலே நீட்டினாள். மேசைக்கு மேல் புல்வெளி தொங்கியது. சட்டத்துக்குள் இருந்ததால் அதை மட்டும் அவள் தேய்க்கவில்லை.

இறக்கினார்கள். பின்பக்கத்து ஆணியை டச்சுக்காரர் நெம்பினார். ஆணி இரண்டு தடவை கீழே விழுந்தது. மதிப்பீட்டாளர் தாளை வெளியே எடுத்து, கட்டைவிரலை ஓரத்தில் வைத்தார். விரல் தடுக்கியது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தடுக்கியது. அவர் தலைகுனிந்து, பூதக்கண்ணாடியை மறுபடியும் உறையிலிருந்து எடுத்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு தேய்த்த படங்களில் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துக் கோடு கோடாகப் பார்த்தார்.

"அசல்" என்றார். "இதுவும் அசல். அவையும் அசலாக இருந்தவை. என் முடிவைத் திரும்பப் பெறுகிறேன்." தும்மினார்.

 டச்சுக்காரரின் கண் ஏமாந்தது என்று யாரும் இனிச் சொல்ல முடியாது. அதனால் மிச்சமிருந்தது ஒரே ஒரு கேள்வி. அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"எந்தச் சூடு?"

"பட்டுக்கு வைக்கிற சூடு. அதுக்கும் கம்மி."

"எந்தப் பக்கம்?"

"பின்பக்கம். ஈரத்துணி போட்டு."

அவர் சறுக்குகிற கனவான்களை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தார். மதிப்பீட்டாளர் பார்த்த மாதிரி ஓரத்தைப் பார்க்கவில்லை. தாளைத் திருப்பி முதுகைப் பார்த்தார். வெளிச்சம் பட்டு, பெட்டி போன வழி மெல்லிய பளபளப்பாகத் தெரிந்தது. நாற்பது வருஷம் தேய்ப்பு பார்த்த கண். இன்னொன்றை எடுத்தார். இன்னொன்றை.  

"நடுவுல இருந்து வெளியே போயிருக்கு" என்றார் கடைசியில்.

"என்னடா?" என்றாள் நாத்தனார்.

"கோட்டு, பேண்ட்டுன்னா இவ ஓரத்துல இருந்து உள்ளே வருவா. கோபம்னா ரெண்டு கோடு விழும். இது நடுவுல இருந்து வெளியே போயிருக்கு. பார்த்த எல்லாமே அப்படித்தான். குழந்தைச் சட்டைக்குத்தான் இவ இப்படிப் போவா." தாளைக் கீழே வைத்தார்.  "அக்கா, நீ போய் பாய்லரைப் பாரு."

நாத்தனார் போனாள். அவர் மனைவியைப் பார்க்காமல் தாள்களை அடுக்கினார்.

"மழையில ரொம்ப அலையாத்தான் இருந்துச்சு, இல்ல?"

"ஆமாங்க."

"இப்போ இல்லை."

"இல்லைங்க."

"நல்ல தேய்ப்புதான்" என்றார். அவர் உதடு கோணியது. அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "எந்த மடையன் வேலை மெனக்கெட்டுச் செய்வான்னு கேட்டேனே. என் வாயில மண்ணை அள்ளிப் போட."

மடிப்பம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புல்வெளியைச் சட்டத்துக்குள் வைத்துக்கொடுத்தாள். அவர் ஆணி அடித்தார். இருவருமாக அதைத் தூக்கி, பழைய இடத்தில் மாட்டினார்கள். கண்ணாடியில் உடனே ஆவி படிந்தது.

மதிப்பீட்டாளர் கோட்டைக் கேட்டார். கொடுத்தாள். வலது கையில், தோளிலிருந்து மணிக்கட்டு வரை, வெங்காயம் நறுக்குகிற கூர்மையில் இரட்டை மடிப்பு விழுந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. குடையை விரித்து வாசலில் ஒரு காலை வைத்தவர், ஏதோ ஞாபகம் வந்து திரும்பினார்.

"ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தடம் அழியாமல் இருந்திருந்தாலும் அருங்காட்சியகம் இவற்றை எடுத்துக்கொண்டிருக்காது. தேய்ந்த தகட்டில் பிற்காலத்தில் ஒற்றியவை. இதே படங்கள் எங்களிடம் ஏற்கெனவே ஓர் அலமாரி நிறையக் கிடக்கின்றன."